‘நூறு பேர் உட்கார்ந்தோம், வழக்கு ஆறு பேர் மீது மட்டும்’

வாசகர் கேள்வி: வணக்கம் ஐயா. திருச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். 2023 மே மாதம் எங்கள் ஊரில் பதினெட்டு நாள் குடிநீர் வராததால், ஏறக்குறைய நூறு பேர், பெரும்பாலும் பெண்கள், காலிக் குடங்களுடன் சாலையில் ஒரு மணி நேரம் மறியல் செய்தோம். போலீசார் எல்லோரையும் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விட்டுவிட்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தோம். இப்போது ஆறு பேருக்கு மட்டும் சம்மன் வந்திருக்கிறது. நான் மூன்றாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாமவன். இந்திய தண்டனைச் சட்டம் 143, 188, 341 பிரிவுகள் போட்டிருக்கிறார்கள். இந்த ஆறு பேரும் மறியலுக்கு மூன்று மாதம் முன்பு, குடிநீர்க் குழாய்ப் பணியில் முறைகேடு என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்தவர்கள். ஆறாம் எதிரி அன்று ஊரிலேயே இல்லை, கோயம்புத்தூரில் இருந்தார். அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகன், அங்கே ஆள் பார்த்து வழக்குப் போட்டால் அதைச் சொல்லியே வழக்கைத் தள்ளுபடி செய்ய வைக்கலாம் என்கிறான். நம் நாட்டில் அப்படி உண்டா? ‘நாங்களும் மறியலில் உட்கார்ந்தோம்’ என்று 62 பேர் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். அதை நீதிமன்றத்தில் கொடுக்கலாமா?

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள ஐயா,

மற்றவர்கள் மீது வழக்கு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் மீதான வழக்கை நம் நாட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பிய நகல்களைப் படித்த அளவில், இந்த வழக்கு நிலைக்காது என்று சொல்ல வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நீங்கள் கேட்ட கேள்விக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 62 கையெழுத்துகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை அந்தத் தாளை யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டாம்.

உங்கள் அக்காள் மகன் சொன்னது தவறில்லை. அமெரிக்காவில் அந்த வாதத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அது ஒரு சலவைக்கடையில் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோ நகரில் 1880-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: செங்கல்லாலோ கல்லாலோ கட்டப்படாத கட்டடத்தில் சலவைக்கடை நடத்த வேண்டுமானால் நகர மேற்பார்வையாளர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். எழுத்தைப் பார்த்தால் தீ விபத்தைத் தடுக்கும் விதி, யாரையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆனால் நகரில் இருந்த சுமார் 320 சலவைக்கடைகளில் 310 மரக் கட்டடங்களில் இருந்தன. மொத்தக் கடைகளில் ஏறக்குறைய 240 சீனர்களுடையவை. ஒப்புதல் கேட்டு விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்களில் சுமார் 80 பேர் விண்ணப்பித்து, ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. அதே இடத்தில் 22 ஆண்டுகள் கடை நடத்தி, தீயணைப்பு அதிகாரிகளின் சான்றும் கையில் வைத்திருந்த ஒரு சீனருக்குப் பத்து டாலர் அபராதம் விதித்து, அதைக் கட்டாததால் சிறையில் அடைத்தார்கள். வழக்கு ‘யிக் வோ’ என்ற பெயரில் நடந்தது. அது அவருடைய கடையின் பெயர் என்றும் அவர் பெயர் லீ யிக் என்றும் சொல்வார்கள். 1886-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவரை விடுவித்தது. சட்டம் பார்வைக்கு நேர்மையானதாக இருந்தாலும், அதைத் தீய கண்ணோடும் சமமற்ற கையோடும் நடத்தினால் அது சம பாதுகாப்பை மறுப்பதாகும் என்று நீதிபதி மேத்யூஸ் எழுதினார்.

அந்தத் தீர்ப்பைப் படிக்கும் எவருக்கும் வழி திறந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் பின்வந்த தீர்ப்புகள் வாசலைக் குறுக்கிக்கொண்டே போயின. குற்றம் செய்தவர்களில் சிலர் மீது மட்டும் வழக்குத் தொடுப்பது அதனாலேயே தவறாகிவிடாது, இனம், மதம் போன்ற நியாயமற்ற அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று 1962-ல் சொன்னார்கள். கட்டாய ராணுவப் பதிவுக்கு வராத லட்சக்கணக்கான இளைஞர்களில், ‘பதிவு செய்ய மாட்டேன்’ என்று அரசுக்கே கடிதம் எழுதியவர்கள் மீதும் பிறரால் காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் மீதும் மட்டுமே வழக்கு வந்தது. அப்படி வழக்கில் சிக்கிய வேய்ட் என்ற இளைஞர் 1985-ல் தோற்றார். விளைவு பாரபட்சமாக இருந்தால் போதாது, அந்த விளைவை விரும்பியே அரசு அப்படிச் செய்தது என்று காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். 1996-ல் வந்த ஆம்ஸ்ட்ராங் வழக்கு இன்னும் கடுமையானது. முந்தைய 1991-ம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸில் அரசுச் செலவில் வாதாடும் வழக்கறிஞர் அலுவலகம் முடித்த கிராக் கொக்கெய்ன் வழக்குகள் 24. அந்த 24-லும் எதிரிகள் கறுப்பினத்தவர்கள். அந்தக் கணக்கைக் காட்டி அரசின் கோப்புகளைக் கேட்டபோது, அதே குற்றத்தைச் செய்தும் வழக்குக்கு ஆளாகாத வேற்றினத்தவரை முதலில் காட்டுங்கள், பிறகு கோப்பைக் கேளுங்கள் என்று மறுத்துவிட்டார்கள். கோப்பு இல்லாமல் அத்தகையவர்களை எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு இதுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. வாதம் பிறந்த நாட்டிலேயே அதை வைத்து வென்றவர்கள் மிகக் குறைவு என்பதை உங்கள் அக்காள் மகனிடம் சொல்லுங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். அரசியலமைப்பின் 14-வது பிரிவு சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்கிறது. குற்ற வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்பதில் ஆரம்பத்திலிருந்தே ஐயம் இருந்ததில்லை. எந்த வழக்கைச் சாதாரண நீதிமன்றத்துக்கு அனுப்புவது, எதைத் தனி நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்று அரசு தன் விருப்பம்போல் பொறுக்கி எடுக்க இடம் கொடுத்த மேற்கு வங்கச் சட்டத்தின் பிரிவை, 1952-ல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் அது விசாரணை முறையில் காட்டிய பாகுபாட்டைப் பற்றியது. ‘அவன் மீது ஏன் வழக்கில்லை’ என்ற கேள்விக்கு நம் நீதிமன்றங்களின் பதில் வேறு. தவறான சலுகை ஒருவருக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காக அதே தவறு தனக்கும் வேண்டும் என்று யாரும் சமத்துவத்தின் பெயரால் கேட்க முடியாது என்று மனை ஒதுக்கீடு தொடர்பான சண்டிகர் வழக்கொன்றில் 1995-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அரசு வழக்கறிஞர்களின் நாவில் எப்போதும் தயாராக இருக்கும் வாக்கியம் அது. குற்ற வழக்கில் அதன் பொருள், தொண்ணூற்று நான்கு பேரை விட்டது தவறு என்றால் அவர்களையும் பிடிக்க வேண்டுமே தவிர ஆறு பேரையும் விட வேண்டியதில்லை என்பதுதான்.

பழிவாங்கும் நோக்கத்தோடு போட்ட வழக்கு என்ற வாதத்துக்கு ஓரளவு இடம் உண்டு, அதுவும் எல்லைக்கு உட்பட்டதே. போதிய சாட்சியம் உள்ள வழக்கு, புகார் கொடுத்தவரின் பகையாலோ அரசியல் வன்மத்தாலோ கெட்டுவிடாது என்று 1987-ல் சிவநந்தன் பாஸ்வான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யத்தக்க ஏழு சூழ்நிலைகளைப் பட்டியலிட்ட, ஹரியானா முன்னாள் முதல்வர் பஜன்லால் மீதான வழக்கில், ஏழாவதாகத் தீய உள்நோக்கத்தோடு பழிதீர்க்கத் தொடுக்கப்பட்ட வழக்கைக் குறிப்பிட்டார்கள். எல்லோரும் அந்த ஏழாவதையே மேற்கோள் காட்டுவோம். ஆனால் பஜன்லாலுக்கே அந்த ஏழாவது கைகொடுக்கவில்லை. முதல் தகவல் அறிக்கை நின்றது. விசாரித்த ஆய்வாளருக்கு முறையான அதிகாரம் வழங்கப்படவில்லை என்பதால் அவர் நடத்திய விசாரணை மட்டும் ரத்தானது. உள்நோக்கத்தைச் சொல்லிப் போனவருக்கு நடைமுறைப் பிழையில் நிவாரணம் கிடைத்தது. என் அனுபவத்தில் பெரும்பாலான வழக்குகள் அப்படித்தான் முடிகின்றன.

பிணை கேட்கும் கட்டத்தில் இந்த வாதத்துக்கு மதிப்பு கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் டெல்லி மதுக் கொள்கை வழக்கில் தெலங்கானா அரசியல்வாதி கவிதாவின் பிணை மனுவை விசாரித்தபோது, தன் பங்கையே ஒப்புக்கொண்ட ஒருவரைச் சாட்சியாக்கிவிட்டு மற்றவரை எதிரியாக்குவது என்ன நியாயம், இப்படி ஆளைப் பொறுக்கி எடுக்கலாமா என்று நீதிபதிகள் விசாரணை அமைப்புகளை வாய்மொழியாகக் கடிந்துகொண்டார்கள், பிணையும் கிடைத்தது. வழக்கு ரத்தாகவில்லை. உங்கள் வழக்கில் பிணை ஒரு பிரச்சினையே இல்லை என்பதால் இதை இதோடு விடுகிறேன்.

இப்போது உங்கள் வாதத்தில் உள்ள பெரிய ஆபத்தைச் சொல்கிறேன். ‘நூறு பேர் உட்கார்ந்தோம், ஏன் என் மீது மட்டும்’ என்ற வாக்கியத்தின் முதல் பாதியைக் கவனியுங்கள். நீங்கள் சாலையில் உட்கார்ந்தீர்கள் என்பதை நீங்களே ஒப்புக்கொடுத்துவிட்டீர்கள். அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதை நாமே எடுத்துக் கையில் வைப்பது அது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுவர் நீதிமன்றத்தில், இதே மாதிரி மறியல் வழக்கில், வழக்கறிஞர் வருவதற்குள் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நடுவர் கேட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே வந்த பெரியவர், “ஆமாங்க ஐயா, ஊரே உட்கார்ந்தோம், என்னைய மட்டும் ஏன் கூப்பிட்டாங்கன்னு கேளுங்க” என்றார். அவர் கேட்ட கேள்வி பதிவாகவில்லை, ‘ஆமாம்’ பதிவானது. ஐந்து நிமிடத்தில் அபராதத்தைக் கட்டிவிட்டு, வழக்கு முடிந்தது என்ற மகிழ்ச்சியோடு வெளியே போனார். அது தண்டனைத் தீர்ப்பு என்பது, அடுத்த ஆண்டு ஒரு காவல் சரிபார்ப்பின்போதுதான் அவர் வீட்டாருக்குத் தெரியவந்தது. ‘ஐந்நூறு ஆயிரம் கட்டிவிட்டுப் போய்விடலாம்’ என்று நிலையத்தில் இருந்தோ நீதிமன்ற வாசலில் இருந்தோ யாராவது யோசனை சொன்னால் அதைக் கேட்க வேண்டாம்.

இனி உங்கள் காகிதங்கள். முதல் தகவல் அறிக்கையையும் ஆட்சியரிடம் கொடுத்த மனுவின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மனுவில் ஆறு பேர் எந்த வரிசையில் கையெழுத்திட்டிருக்கிறார்களோ, அறிக்கையில் அதே வரிசையில் ஒன்று முதல் ஆறு வரை எதிரிகளாகியிருக்கிறார்கள். அதன் பிறகு ‘மற்றும் பலர்’ என்று முடிகிறது. நான்காம் எதிரியின் தந்தை பெயரில் மனுவில் ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது. அதே எழுத்து அறிக்கையிலும் விடுபட்டிருக்கிறது. சாலையில் கூட்டத்தைப் பார்த்து, பெயர் கேட்டு எழுதிய அறிக்கையில் இப்படி நேர வாய்ப்பில்லை. போதாக்குறைக்கு ஆறாமவர் அன்று கோயம்புத்தூரில் இருந்தார் என்கிறீர்கள். அதற்குப் பேருந்துச் சீட்டோ, மருத்துவமனைச் சீட்டோ, கைபேசிப் பதிவோ ஒன்று இருந்தால் போதும். ஆகவே நீங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி, ‘எங்கள் பெயர் இந்த அறிக்கைக்குள் எங்கிருந்து வந்தது’ என்பது. ‘ஏன் நாங்கள் மட்டும்’ என்று கேட்டால் ‘முன்னின்று நடத்தியவர்களை மட்டும் சேர்த்தோம்’ என்ற பதில் தயாராக வரும், நீதிமன்றமும் அதை நியாயமான அளவுகோல் என்று ஏற்றுக்கொள்ளும். ஊரிலேயே இல்லாதவர் எப்படி முன்னின்று நடத்தினார் என்ற கேள்விக்கு அந்தப் பதில் பொருந்தாது. இந்த வழியில் போனால் நீங்கள் சாலையில் உட்கார்ந்ததாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை. அடையாளம் காட்டியதாகச் சொல்லும் சாட்சியம் பொய்யாகிறது. பஜன்லால் தீர்ப்பின் ஏழாவது சூழ்நிலைக்கும் அதே காகிதங்கள் ஆதாரமாகின்றன.

வழக்கின் உடம்பே நோய்ப்பட்டது என்பதையும் பாருங்கள். பொது ஊழியரின் உத்தரவை மீறியதற்கான 188-வது பிரிவில், உத்தரவு பிறப்பித்த பொது ஊழியரோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்துமூலம் நடுவரிடம் புகார் கொடுத்தால் தவிர நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுக்கவே முடியாது; குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-வது பிரிவு தடுக்கிறது. காவல்துறை தானே முதல் தகவல் அறிக்கை போட்டு இறுதி அறிக்கை தாக்கல் செய்வது அதற்கு ஈடாகாது என்று, கரூர் மாவட்டப் போராட்ட வழக்கான ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2018 செப்டம்பரில் விரிவாகத் தீர்ப்பளித்தார். அந்தப் போராட்டம் எப்படிச் சட்டவிரோதக் கூட்டம் ஆகிறது என்று புகாரில் சொல்லப்படாததால் 143-வது பிரிவும் நிற்காது என்று அதே தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டில் மறியல், ஆர்ப்பாட்ட வழக்குகளை ரத்து செய்யக் கோருபவர்கள் பெரும்பாலும் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். உங்கள் அறிக்கையில் ‘தடையை மீறி’ என்று ஒரு வரி இருக்கிறது. எந்தத் தடை, யார், என்று பிறப்பித்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

மிஞ்சுவது 341, அதாவது ஒருவரைப் போகவிடாமல் தடுத்தது. தடுக்கப்பட்ட அந்த ‘ஒருவர்’ யார்? சாட்சிப் பட்டியலில் இருப்பவர்கள் சிறப்பு உதவி ஆய்வாளர், இரண்டு காவலர்கள், கிராம நிர்வாக அலுவலர், கிராம உதவியாளர், விசாரணை அதிகாரி. ஒரு பேருந்து ஓட்டுநரோ, காத்து நின்ற பயணியோ இல்லை. காவலர் சாட்சியத்தை அதற்காகவே ஒதுக்கிவிட மாட்டார்கள் என்றாலும், ஒரு மணி நேரம் அடைபட்ட சாலையில் அவதிப்பட்டதாகச் சொல்ல ஒரு ஆள்கூடக் கிடைக்காதது நமக்குச் சாதகம்.

எல்லாவற்றையும்விட எளிய குறை ஒன்று, இறுதி அறிக்கையின் மேல் மூலையில் இருக்கும் நீதிமன்ற முத்திரையில் இருக்கிறது. நகலில் மங்கலாக விழுந்திருந்தாலும் ‘செப்டம்பர் 2024’ என்று படிக்க முடிகிறது. இந்த மூன்று பிரிவுகளில் எதற்கும் ஆறு மாதத்துக்கு மேல் சிறை கிடையாது. ஓராண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது நடைமுறைச் சட்டத்தின் 468-வது பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே விதி 514-வது பிரிவாக இருக்கிறது. உங்கள் வழக்கு பதினாறு மாதம் கழித்து வந்திருக்கிறது. தாமதத்தை மன்னிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும், எதிரிகளின் பக்கத்தையும் கேட்க வேண்டும். அப்படி மனு ஏதும் போடப்பட்டதா என்று வழக்குக் கட்டின் சான்றிட்ட நகலை வாங்கிப் பார்த்துவிடுங்கள். வாங்கும்போது முத்திரை தெளிவாகத் தெரியும்படி கேட்டு வாங்குங்கள்.

ஆக, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கோரி மனுத் தாக்கல் செய்வது உங்களுக்குப் பொருத்தமான வழி. மனுவில் காலக்கெடுவும் 195-வது பிரிவுத் தடையும் முதலில் வரட்டும், பெயர் வரிசை விவகாரம் அதற்கு அடுத்து வரட்டும்; 14-வது பிரிவை எழுப்ப உங்கள் வழக்கறிஞர் விரும்பினால் கடைசிப் பத்தியில் எழுப்பட்டும். முதல் பத்தியிலேயே சமத்துவத்தில் தொடங்கினால், அரசுத் தரப்பு 1995 தீர்ப்பைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடும். அரசே வழக்கைத் திரும்பப் பெறுவதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021-ல் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கும். ஆனால் அது அரசின் மனத்தைப் பொறுத்தது, அதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

உயர்நீதிமன்ற மனு நிலுவையில் இருக்கும்போதும், தடை உத்தரவு கிடைக்கும்வரை அழைப்பாணைத் தேதிகளுக்கு ஆறு பேரும் தவறாமல் ஆஜராக வேண்டும். பிடிவாரண்டு ஒன்று வந்துவிட்டால் நன்றாகப் போகும் வழக்கும் சிக்கலாகும். நடுவர் கேட்கும் முதல் கேள்விக்கு ‘குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கை நடத்த விரும்புகிறேன்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். இதை ஆறு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி வையுங்கள். உணர்ச்சிவசப்பட்டு ஊர் நியாயம் பேசுகிறவர் ஒருவராவது எந்தக் கூட்டத்திலும் இருப்பார்.

கடைசியாக அந்த 62 கையெழுத்துகள். விசாரணையின்போது கிடைக்கும் சாட்சியத்தில் வேறொருவரும் குற்றத்தில் ஈடுபட்டதாகத் தெரிந்தால் அவரையும் எதிரியாகச் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பழைய சட்டத்தில் 319-வது பிரிவு, புதியதில் 358. ‘நாங்களும் உட்கார்ந்தோம்’ என்று 62 பேர் எழுதிக் கொடுத்த தாள் நீதிமன்றக் கோப்பில் ஏறினால், உங்கள் மேல் உள்ள வழக்கு குறையப்போவதில்லை, உங்களுக்காகப் பரிந்து கையெழுத்துப் போட்ட பெண்கள் வழக்குக்கு ஆளாகும் வாய்ப்புதான் கூடும். நூறு பேர் பிடிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள் என்று காட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், அதைக் காவல்துறையின் காகிதத்தைக் கொண்டே காட்டலாம். மண்டபத்தில் வைத்து மாலையில் அனுப்பும்போது பெயர், வயது, முகவரியோடு ஒரு பட்டியல் எழுதுவது வழக்கம். அன்றைய நிலையப் பொது நாட்குறிப்பிலும் எண்ணிக்கை இருக்கும். அவற்றை வரவழைக்கும்படி நீதிமன்றத்தில் மனுப் போடலாம், மறுநாள் நாளிதழில் செய்தி வந்திருந்தால் அந்தப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். அந்த மண்டபப் பட்டியலில் ஆறாம் எதிரியின் பெயர் இல்லாவிட்டால், உங்கள் வழக்கறிஞருக்கு அதைவிட நல்ல ஆவணம் தேவைப்படாது. 62 பேர் கையெழுத்திட்ட தாளை இன்றே அவர்களிடம் திருப்பிக் கொடுத்து, அவர்கள் கையாலேயே கிழித்துப்போடச் சொல்லிவிடுங்கள்.